மூன்று சேலை, ஒரு கணக்கு நோட்டு: சாலிகிராமத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ

போன வருடம் பங்குனியில் வளசரவாக்கத்தில், சினிமாவுக்கும் சீரியலுக்கும் என்னைப் போன்ற துணை நடிகர்களை அனுப்பும் ஒரு கோஆர்டினேட்டரின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். என் நம்பர் மாறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, எதிரில் இருந்த எனக்கே போன் போட்டார். மேசைமேல் கிடந்த அவருடைய போனில் என் பெயர் வரவில்லை. 'அழுற அம்மா 2' என்று வந்தது.

அவர் அதை மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவும் இல்லை. நல்ல மனிதர். ஊரடங்கில் ஷூட்டிங் எல்லாம் நின்று போனபோது இரண்டு மாதம் எங்கள் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் அனுப்பியவர். சில நூறு முகங்களை நினைவில் வைக்க அவருக்கு அது ஒரு வழி. "நம்பர் அதேதான், இல்லக்கா? சரி" என்று போனைக் கவிழ்த்து வைத்தார். எனக்கு அவர்மேல் இன்றுவரை கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் பஸ் ஏறவில்லை. விருகம்பாக்கம் வரை நடந்தே வந்தேன்.

ராத்திரி என் பழைய டைரிகளை எடுத்து எண்ணினேன். வாங்கிய பேட்டாவைக் குறித்து வைப்பதற்காக 2013-லிருந்து எழுதி வருகிறேன். அறுபத்தொரு தடவை அம்மா வேடம். அதில் இருபத்து மூன்று தடவை பிணத்துக்குப் பக்கத்தில். சீரியலில் ஒருமுறை வார்டன், ஒரு படத்தில் ரேஷன் கடை வரிசையில் சண்டை போடும் பெண். மீதி எல்லாம் 'கூட்டத்தில் ஒருவர்'. முதல் அம்மா வேடம் போடும்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. மகனாக நடித்தவருக்கு இருபத்தெட்டு.

இப்படி எண்ணிப் பார்த்த பிறகுதான் வாய்ப்புக் கேட்டு அனுப்பும் படத் தொகுப்பு, அதாவது போர்ட்ஃபோலியோ, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படித் தேடிப் போன இடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஸ்டுடியோவின் பெயரை எழுதவில்லை. கணவனும் மனைவியுமாக இரண்டே பேர் நடத்துகிறார்கள், வாரத்துக்கு மூன்று ஆட்களுக்கு மேல் எடுப்பதில்லை, எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சாலிகிராமத்தில் அருணாசலம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், தையல் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஃபீல்டில் இருப்பவர்கள் நாலு பேரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

நான் இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் போட்டோ எடுத்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் உள்ளே நுழைந்ததும் கேட்ட கேள்வி ஒன்றே: "என்ன கேரக்டருக்கு எடுக்கணும்?" நாம் சொன்னதும் மூலையிலிருந்து ஒரு வெளுத்த பருத்திச் சேலை வரும், தலையில் கொஞ்சம் வெள்ளை பூசுவார்கள், கையில் ஒரு முறம் கொடுப்பார்கள். இதில் இன்னொரு கொடுமை, படத்தை எடிட் செய்யும்போது என் நிறத்தை இரண்டு படி ஏற்றிவிடுவார்கள். அதைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் வேடத்துக்குப் பொருந்துகிறோமா என்று பார்க்கும் லுக் டெஸ்டுக்கு நேரில் போனதும் முகத்தைச் சுளிப்பார்கள். "போட்டோல வேற மாதிரி இருந்தீங்களே" என்பார்கள். நான் அதே மாதிரிதான் இருக்கிறேன், போட்டோதான் வேறு யாரோ.

இந்த ஸ்டுடியோவில் முதல் நாள் கேமராவையே எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் தேதி கேட்டதுமே ஸ்டுடியோ நடத்தும் அந்த அம்மா ஒரு ஆடியோ அனுப்பினார். வீட்டில் கட்டுகிற சேலை ஒன்று, பேங்குக்கோ மகள் பள்ளிக்கூடத்துக்கோ போகும்போது கட்டுகிறது ஒன்று, ஆடிஷனுக்கு இதுவரை கட்டவே கட்டாதது ஒன்று, ஆக மூன்று சேலை எடுத்து வரச் சொன்னார். மூன்றாவது சேலைக்கு நான் பீரோவில் வெகுநேரம் தேடினேன். கடைசியில் கிடைத்தது, தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த மயில்கழுத்துப் பச்சை. அதை மடிப்புக் கலைத்துப் பத்து வருடம் இருக்கும். கடைக்குப் போனால் இது அம்மா வேடத்துக்கு ஆகுமா, காட்சிக்குக் காட்சி மாறாமல் இருக்க இன்னொன்று இதே மாதிரி கிடைக்குமா என்று பார்த்தே சேலை எடுக்கிறவளாக நான் எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. நரைக்கு மை வைப்பதை நிறுத்தியதும் அப்படித்தான். கண்ணாடி போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்து நாலு வருடம் ஆகிறது. கண்ணாடி போட்டால் முகம் 'படிச்ச அம்மா' ஆகிவிடும், அந்த வேடமெல்லாம் வேறு ஆட்களுக்குப் போகும் என்று நான் வாங்கவே இல்லை.

அந்த அம்மா முன்பு உதவி இயக்குநராக இருந்தவர். எதிரில் உட்கார்ந்து டீ கொடுத்துவிட்டுக் கேட்டார்: "கேமரா இல்லாத நேரத்துல நீங்க நல்லா செய்யற வேலை எதுக்கா?"

உடனே எனக்குப் பதில் வரவில்லை. சமையல் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தார். அப்புறம்தான் சொன்னேன், எனக்கு அருப்புக்கோட்டை, அப்பா தறி போட்டிருந்தார், கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதினேன் என்று. நூல் சிப்பத்தைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை குறைகிறதா என்று சொல்லிவிடுவேன். கடன் பாக்கி வைத்தவர்கள் என்னைக் கண்டால் தெருவை மாற்றிப் போவார்கள். இதைச் சொல்லும்போது என் குரலே வேறாக இருந்திருக்க வேண்டும். அதுவரை ஜன்னலோரம் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய கணவர் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கு ஒரு கணக்கு நோட்டு எடுத்துட்டு வாங்கக்கா" என்றார்.

இங்கே கொஞ்சம் நின்று வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் வேடம் என்பது ஆளோடு ஒட்டிக்கொள்ளும் பொருள். வி.சி. கணேசன் அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக நடித்தார், பெரியார் 'சிவாஜி' என்று அழைத்தார், அதுவே காலத்துக்கும் பெயராகிவிட்டது. கே. பாலசந்தரின் நாடகத்தில் மேஜராக நடித்த சுந்தரராஜன் மேஜர் சுந்தரராஜன் ஆனார். ஒரு நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக வந்த சீனிவாசனுக்குத் 'தேங்காய்' பட்டம். 2009-ல் ஒரு பரோட்டா காட்சி, அதிலிருந்து சூரி 'பரோட்டா சூரி'. அவரே 2023-ல் வெற்றிமாறன் படத்தில் கதையைச் சுமக்கும் போலீஸ்காரராக வந்தபோது, தியேட்டரில் எனக்கு முன் வரிசையில் இருந்த பையன்கள் முதல் பத்து நிமிடம் சிரிப்பதற்குத் தயாராகவே இருந்தார்கள். அப்புறம் அமைதியானார்கள். அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெண்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' வரும்போது ஸ்ரீவித்யாவுக்கு இருபத்திரண்டு வயது. அதில் ஜெயசுதாவுக்கு அம்மா. அதே படத்தில் அவருக்குக் கணவராக வந்த ரஜினிகாந்துக்கு 1991-ல் 'தளபதி'யில் அம்மா. பண்டரிபாய் 1952-ல் 'பராசக்தி'யில் சிவாஜிக்கு ஜோடி. 1969-ல் 'தெய்வ மகன்' வரும்போது மூன்று சிவாஜிகளில் ஒருவருக்கு மனைவி, மற்ற இருவருக்குத் தாய். அந்தக் கண்களைப் பாருங்கள். கணவனைப் பார்ப்பதும் பிள்ளையைப் பார்ப்பதும் வேறு வேறாக இருக்கும், முன்னால் நிற்பது ஒரே ஆள்தான் என்பதே நமக்கு மறந்துபோகும். இதைப் பற்றி அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. எனக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

2021-ல் என் அம்மா இறந்தார். அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. வாசலில் இருந்த பெண்கள் எனக்கு வழி விட்டார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், டிவியில் அழுகிறவள் இப்போது அழுவாள் என்று. நான் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். என் வலது கை தானாக முந்தானையை எடுத்து வாய்க்குக் கொண்டு போனது. இருபத்து மூன்று பிணத்துக்குப் பக்கத்தில் நான் செய்த அதே அசைவு. முகம் வாசல் பக்கம், வெளிச்சம் இருந்த பக்கம், முக்கால்வாசி திரும்பியிருந்தது. அதை உணர்ந்த நொடியில் எனக்குக் கண்ணீர் நின்றுவிட்டது. அப்புறம் அன்று முழுக்க வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சென்னைக்கு வந்து, வீட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது. யாரும் இல்லை. அழுகை எப்படி இருந்தது என்று கேட்டால், அசிங்கமாக இருந்தது. மூக்கிலிருந்து ஒழுகியது. எந்த டைரக்டரும் ஓகே சொல்லியிருக்க மாட்டார்.

இதையும் ஸ்டுடியோவில் அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. குறித்துக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் நாள் காலை ஏழரைக்கே வரச் சொன்னார்கள். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று இருக்கிறது, பத்து மணி வரை அந்த வெளிச்சத்திலேயே எடுக்கிறார்கள். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை, அவ்வளவுதான். மேக்கப் போடும் பெண் என் கையின் உள்பக்கத்தில் நாலு ஷேடு தடவிப் பார்த்து, கழுத்தோடு ஒத்துப்போகிறதை எடுத்தார். பன்னிரண்டு வருடத்தில் என் கழுத்தும் முகமும் ஒரே நிறத்தில் இருக்கும் போட்டோவை இங்கேதான் பார்க்கிறேன். கண்ணாடியையும் போடச் சொன்னார்கள். வாங்கவில்லை என்றதும் அந்த அம்மா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார்.

வீடியோவுக்கு அழுகை வசனம் ஒன்று, கோப வசனம் ஒன்று என்று மனப்பாடம் செய்து போயிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு அந்த அம்மா, "இது இருக்கட்டும். பாக்கி வச்சவன் ஒருத்தன் வந்து நிக்கறான், நான்தான் அவன், பேசுங்க" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசினேன். அவர் மறு வசனம் சொன்ன விதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொதுவாக ஆடிஷனில் க்யூ கொடுக்கிறவர் காகிதத்தைப் பார்த்து ரேஷன் அட்டை எண்ணை வாசிப்பதுபோல வாசிப்பார். நாம் சுவரிடம் நடிக்க வேண்டும். இவர் என் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னார், சாக்குச் சொன்னார், ஒரு கட்டத்தில் கெஞ்சினார். எனக்கு உண்மையிலேயே இரக்கம் வந்து, உண்மையிலேயே கொடுக்காமல் நின்றேன். ஒன்றரை நிமிட வீடியோ. என் மகள் அதை ஐந்து தடவை பார்த்துவிட்டு, "நீ மளிகைக் கடை அண்ணாச்சிகிட்ட இப்படித்தாம்மா பேசுவ" என்றாள். அவள் என் நடிப்பை வீட்டோடு சேர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

இப்போது குறைகள். பத்து நாளில் தருவதாகச் சொன்னார்கள், பத்தொன்பது நாள் ஆனது. நடுவில் இரண்டு ஆடிஷன் அழைப்பு வந்து பழைய போட்டோவையே அனுப்ப வேண்டியிருந்தது. கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் முதல் வீடியோவில் நன்றாகக் கேட்கிறது, மதியம் கடைக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் மறுபடி எடுத்தோம். காட்சியில் இருக்கும்போது யாரோ சாப்பிடப் போவதற்குக் காத்திருப்பது மனதைக் கலைக்கிறது. உடை மாற்றும் இடம் ஒரு திரைதான். பெண்கள் இரண்டு பேர் ஒரே நாளில் வந்தால் சங்கடம். மாடிப்படி செங்குத்து.

கட்டணம் 16,500 ரூபாய். முன்பணம் 5,000, மீதி படம் வாங்கும்போது. எடிட் செய்த பதினெட்டுப் படம், இரண்டு நடிப்பு வீடியோ, பெயர், உயரம், வயது, இரண்டு பக்க முகத்தோடு ஒரு அறிமுக வீடியோ. மேக்கப் இதில் அடக்கம். தெருவுக்குத் தெரு இருக்கும் ஸ்டுடியோக்களில் இதில் பாதிக்கே எடுத்துத் தருவார்கள். எனக்கு இது ஆறு ஏழு நாள் சம்பளம், அந்த நாட்களும் தொடர்ந்து வருவதில்லை. நான் சீட்டு எடுத்துத்தான் கட்டினேன். அவசரத்துக்குக் கடன் வாங்கி இங்கே போகச் சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயத்தில் அவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடும் வந்தது. அம்மா வேடத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று கேட்டேன். போட்டோ எடுக்கிற அண்ணன், "அதை விட்டு வெளிய வரத்தானேக்கா இவ்வளவும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அம்மா வேடத்தில்தான் என் வீட்டு வாடகை போகிறது, மகள் பீஸ் போகிறது. அதில் அசிங்கமும் இல்லை. 'நாயகன்' படத்தில் கதாநாயகியாக வந்த சரண்யா, பின்னாளில் கிராமத்து அம்மாவாக நடித்துத்தான் 2010-ம் ஆண்டுக்கான தேசிய விருது வாங்கினார். அந்தப் படத்து அம்மாவுக்குக் காடு இருந்தது, ஆடு இருந்தது, பிடிவாதம் இருந்தது. எனக்குக் கொடுக்கப்படும் அம்மாக்களுக்குப் பெயர்கூட இருப்பதில்லை, கால்ஷீட்டில் 'ஹீரோ ஃப்ரெண்ட் அம்மா' என்று இருக்கும். நான் வேண்டாம் என்பது அதைத்தான். இதை அப்படியே சொன்னேன். அந்த அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரிக்கா, நான் சொன்னது தப்பு" என்று வீட்டுச் சேலையைக் கட்டி வரச் சொன்னார். முறம் இல்லை, கிளிசரின் இல்லை. மகள் டியூஷன் விட்டு வர நேரமாகிவிட்டால் எப்படி நிற்பீர்கள் என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு, செருப்பில் பாதிக் காலை நுழைத்தபடி நின்றேன். பதினெட்டில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

முப்பத்து நாலு பேருக்கு அனுப்பினேன். பதினோரு பேர் பார்த்தார்கள், ஆறு பேர் பதில் போட்டார்கள். அந்த வளசரவாக்கத்துக் கோஆர்டினேட்டர் பச்சைச் சேலைப் படத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கா இது, உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். இதுவரை இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று, ஒரு வெப் சீரிஸில் ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசர், மூன்று நாள். அதற்கு அந்தப் பாக்கி வசூல் வீடியோவைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். லுக் டெஸ்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்தக் கேரக்டருக்குப் பெயர் ராஜாத்தி. செட்டில் உதவி இயக்குநர்கள் மூன்று நாளும் 'ராஜாத்தி மேடம்' என்று கூப்பிட்டார்கள், வழக்கம்போல 'அம்மா' என்று இல்லை. மற்றொன்று மறுபடி சாவு வீடு. போனேன். இந்தத் தடவை கையை வாய்க்குக் கொண்டு போகாமல் உட்கார்ந்திருந்தேன். டைரக்டர் கையைக் கொண்டு போகச் சொன்னார். கொண்டு போனேன். இரண்டு டேக்கும் எடுத்தார்கள், எது வரும் என்று தெரியாது.

கண்ணாடி வாங்கிவிட்டேன்.

என்னோடு கூட்டத்தில் அடிக்கடி வரும் ஒரு அண்ணன் இருக்கிறார். பதினைந்து வருடமாகக் கான்ஸ்டபிள் வேடம். வடபழனியில் டீக்கடையில் நின்றால் ஆட்டோக்காரர்கள் சல்யூட் வைத்துவிட்டுப் போவார்கள். ஒட்ட வெட்டிய தலை, ஓரம் சீவிய மீசை, ஒருநாள்கூட மாறியதில்லை. சபரிமலைக்கு மாலை போட்டால் தாடி வளரும், தாடி வளர்ந்தால் இரண்டு மாதம் வேலை போகும் என்று ஒன்பது வருடமாக மாலை போடாமல் இருக்கிறார். எம்.என். நம்பியார் வாழ்நாளெல்லாம் திரையில் வில்லன், மலைக்குப் போகிறவர்களுக்கு நம்பியார் குருசாமி. அப்படி இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் இடம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. என் படங்களைப் பார்த்துவிட்டு அவரும் அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறார். அந்த அம்மா அவரிடம் மூன்று சட்டை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார், ஆடிஷனுக்கு இதுவரை போடாததாக ஒன்று. நேற்று எனக்கு போன் செய்தார். அப்படி ஒரு சட்டை வீட்டில் இல்லையாம், என்ன நிறம் எடுப்பது என்றும் தெரியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டமில்லாத நேரமாக தி.நகர் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.